ஏழு மணிக்கு எங்க போறது? ஏ.ஏ. மீட்டிங் தேடிப் போறவங்களுக்கு

குடிய விடுன்னு அட்வைஸ் பண்ண நம்ம ஊர்ல ஆள் பஞ்சமே கிடையாது, மாமனார் சொல்வாரு, மேஸ்திரி சொல்வாரு, டாஸ்மாக் பாட்டில்லயே அச்சடிச்சு குடுக்குறான். ஆனா சரி விட்டுடுறேன், சாயங்காலம் ஏழு மணிக்கு நான் எங்கய்யா போய் உக்காருறதுன்னு கேட்டா ஒருத்தர்கிட்டயும் பதில் இருக்காது. நான் குடிய நிறுத்தி சில வருஷம் ஆச்சு. திருச்சில ஏ.ஏ. மீட்டிங்குக்கு போய்ட்டு இருக்கேன், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்ஸத்தான் எல்லாரும் ஏ.ஏ.ன்னு சொல்றது, குடிய நிறுத்துனவங்களும் நிறுத்தணும்னு நினைக்கிறவங்களும் ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம். வேலை துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்ல, வெல்டர். குடிச்ச காலத்து கதைய எழுதப் போறதில்ல, அது எல்லாருக்கும் ஒரே கதைதான், கடன், சண்டை, சத்தியம், திரும்ப கடன். மீட்டிங்க எப்படி கண்டுபிடிக்கிறது, உள்ள போனா என்ன நடக்கும், எதுக்கு பயப்பட வேணாம், எதுக்கு கண்டிப்பா பயப்படணும், இது மட்டும் எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். நிறுத்த முடியாதவன்தான் குடிகாரன்னு ஊர்ல நினைக்கிறாங்க, நானும் அப்படித்தான் நினைச்சு நம்ம அந்த கேஸ் இல்லப்பான்னு சந்தோஷமா இருந்தேன். ஏன்னா நாங்கள்லாம் நல்லா நிறுத்துவோம். கார்த்திகை பொறந்து மாலை போட்டா ஒரு மண்டலம், 40 நாளுக்கு மேல, ஒரு சொட்டு தொட மாட்டேன், விடியக்காலைல பச்சத்தண்ணி குளியல், கால்ல செருப்பு கிடையாது, ஒரு வேளை கூட தவறாது. எங்க யூனிட்ல கிறிஸ்டியன் பசங்க தவக்காலம் 40 நாள் அதே மாதிரி இருப்பாங்க. மலைக்கு போய்ட்டு வந்து மாலைய கழட்டுன சாயங்காலம் பாத்தீங்கன்னா அத்தன சாமியும் கடை வாசல்ல. இது பக்தி கம்மியானதால இல்ல. மாலை போட்டிருக்கறப்ப ஏழு மணிக்கு பஜனை இருக்கு, பக்கத்துல இன்னும் நாலு சாமி இருக்காங்க, எல்லாரும் அதே விரதம், நம்ம வரலன்னா சாமி எங்கன்னு தேடி ஆள் வரும். மாலைய கழட்டுனா அந்த ஏழு மணி காலி. அந்த காலி எடத்த நிரப்புறதுக்கு வருஷம் முழுக்க ஒரு ஏற்பாடு வேணும், எனக்கு தெரிஞ்சு மீட்டிங்கோட பெரிய உபயோகமே அதான், மத்த தத்துவம்லாம் அப்புறம் மெதுவா வந்து சேரும்.

மீட்டிங்குக்கு முன்னாடி டாக்டர். இத எத்தன தடவ சொன்னாலும் தகும். தினமும் குடிக்கிற ஆள் திடீர்னு ஒரு நாள் வீராப்பா நிறுத்துனா உயிருக்கே ஆபத்து ஆகலாம். கடைசியா குடிச்சு 6 மணி நேரத்துல இருந்து ஒரு நாளுக்குள்ள கை நடுக்கம், வேர்வ, தூக்கம் வராம படபடப்பு இதெல்லாம் ஆரம்பிக்கும், மொத ரெண்டு நாள்ல சிலருக்கு ஃபிட்ஸ் வரும், ரெண்டாவது நாள்ல இருந்து நாலாவது நாளுக்குள்ள சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ்னு ஒண்ணு வரும், உடம்புல பூச்சி ஊருதும்பாங்க, செத்துப்போன அப்பா வாசல்ல நிக்குறாரும்பாங்க, காய்ச்சல் அடிக்கும், எங்க இருக்கோம்னே தெரியாது. எங்க சைடு கிராமத்துல இத பாத்துட்டு பேய் பிடிச்சிருச்சுன்னு மந்திரிக்க தூக்கிட்டு போவாங்க. ஆள் போயிரும் சார். ஆஸ்பத்திரிதான் போகணும், அதுவும் உடனே.

நான் போனது புத்தூர் ஜி.ஹெச்.ல மனநலப் பிரிவு ஓ.பி. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் இந்தப் பிரிவு இருக்கும், சீட்டு வாங்கிட்டு உக்காந்தா போதும். அங்க இருந்த டாக்டரம்மா ஒரு கணக்கு போட்டு காமிச்சாங்க. நான் தினம் ஒரே ஒரு குவாட்டர்தான் மேடம்னு பெருமையா சொன்னேன். அவங்க ஓ.பி. சீட்டு பின்னாடியே எழுதுனாங்க, குவாட்டர் 180 மில்லி, அதுல ஆல்கஹால் 42.8 சதவீதம், அப்ப சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில கிட்டத்தட்ட 60 கிராம், 10 கிராம் ஒரு யூனிட்னு வச்சா நீங்க தினம் 6 யூனிட் குடிக்கிறீங்க. ஒரே ஒரு குவாட்டர்ங்கறதுல இருந்த 'ஒரே ஒரு' அதோட போச்சு. நடுக்கத்துக்கு மாத்திரை, பி1 ஊசி, கொஞ்ச நாள் அட்மிஷன். அந்த பி1, அதான் தயமின், அது ரொம்ப முக்கியம், நம்ம ஊர்ல குடிச்சு சோந்து போய் வர்ற ஆளுக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில ஏத்தி அனுப்பிடுற எடம்லாம் இருக்கு, தயமின் போடாம குளுக்கோஸ் ஏத்துனா மூளைக்கே கேடுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கேட்டு வாங்கிக்கங்க, தப்பில்ல.

டாக்டர் உடம்ப சரி பண்ணி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தாச்சு. மணி ஏழு. இப்பதான் மெயின் மேட்டரே ஆரம்பிக்குது.

நான் மொதல்ல பண்ணுனது எல்லாரும் பண்றதுதான், செல்லுல தேடுனேன். குடிப்பழக்கம் மீட்பு திருச்சின்னு போட்டா மேல வர்றது பூராம் காசு குடுத்து போட்ட விளம்பரம், தனியார் சென்டருங்க. நம்பர தொட்டா உடனே ஒரு பொண்ணு எடுத்து நைசா பேசுது, மூணு மாச பேக்கேஜ், வண்டி அனுப்பி வீட்டுலயே வந்து தூக்கிக்கறோம்னு. எல்லா சென்டரும் மோசம்னு சொல்லல, சென்னை அடையார்ல டி.டி.கே. ஆஸ்பத்திரி மாதிரி 1980ல இருந்து ஒழுங்கா நடத்துற எடம்லாம் இருக்கு, அத ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன் அம்மாவுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஆனா ஆள பூட்டி வச்சு அடிக்கிற எடமும் இருக்கு. சென்டர்ல சேக்கறதா இருந்தா மனநல பராமரிப்பு சட்டம் 2017 படி மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணிருக்காங்களான்னு சர்டிபிகேட்ட கண்ணுல காட்ட சொல்லுங்க, டாக்டர் யாரு, டெய்லி வர்றாரான்னு கேளுங்க, மழுப்புனா கிளம்பி வந்துருங்க. ஏ.ஏ. மீட்டிங் இது எதுவுமே இல்ல. பீஸ் கிடையாது, அட்மிஷன் கிடையாது, ஃபார்ம் கிடையாது, யாரும் தூக்கிட்டு போகவும் மாட்டாங்க. விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு அவங்களுக்கே ஒரு மரபு இருக்கு, அதனாலதான் தேடுனா சட்டுனு மேல வராது, இது எனக்கு இன்னமும் ஒரு குறைதான், குடிக்கிறவனுக்கு பத்து நிமிஷம்தான் மனசு மாறும், அந்த பத்து நிமிஷத்துல கண்ணுல பட வேணாமா.

ஒரு லிஸ்ட் கிடைச்சுது, அதுல எங்க ஏரியா பக்கம் ஒரு ஸ்கூல்ல மீட்டிங்னு போட்டிருந்துச்சு. போனா கேட்டு பூட்டிருக்கு. வாட்ச்மேன் கிட்ட என்னன்னு கேக்குறது? குடிகாரங்க மீட்டிங் எங்க நடக்குதுன்னா? கொஞ்ச நேரம் செல்ல பாக்குற மாதிரி நின்னுட்டு அப்புறம் இங்க சாயங்காலம் ஒரு கூட்டம் நடக்குமேண்ணேன்னு இழுத்தேன். அவரு ஒரு பார்வ பாத்துட்டு, அந்த அண்ணனுங்க இப்ப வேற எடத்துக்கு மாத்திட்டாங்களே தம்பின்னாரு. ஸ்கூல்ல பரிட்சை, சர்ச் ஹால்ல கல்யாணம், இப்படி எடம் மாறிட்டேதான் இருக்கும், வாடகைக்கோ இனாமாவோ குடுக்குற ரூம்தான எல்லாமே. அதனால லிஸ்ட்ட நம்பி கிளம்பாதீங்க, லிஸ்ட்ல இருக்கற நம்பருக்கு போன் பண்ணிட்டு கிளம்புங்க. நம்பரே கிடைக்கலன்னா ஜி.ஹெச். மனநல ஓ.பி.ல இருக்கற சோஷியல் ஒர்க்கர்கிட்ட கேளுங்க, அவங்ககிட்ட லோக்கல் குரூப் ஆளுங்க நம்பர் பெரும்பாலும் இருக்கும். இல்லன்னா 14446 இருக்கு, போதை மீட்புக்குன்னே மத்திய அரசு நடத்துற டோல் ஃப்ரீ. 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கான அரசு நம்பர், ராத்திரி ரெண்டு மணிக்கு பண்ணாலும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

போன்ல எடுக்கறவர் சம்பளத்துக்கு வேலை பாக்கற ஆள் இல்ல, அவரும் குடிச்சு நிறுத்துன ஆள்தான், டூட்டில இருப்பாரு, எடுக்கலன்னா உடனே நம்மள ஒதுக்குறாங்கன்னு முடிவு பண்ணாதீங்க. எனக்கு எடுத்தவரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். சத்தம் கண்டக்டர் சத்தம்தான், போன காதுல இருந்து தள்ளி வச்சுதான் பேசணும். எந்த ஏரியா தம்பி, வண்டியா பஸ்ஸான்னாரு. இன்னிக்கு போட்டிருக்கியான்னாரு. ஆமாண்ணேன்னேன், அன்னிக்கு கொஞ்சம் போட்டுட்டுத்தான் தைரியம் வந்து போனே பண்ணிருந்தேன். பரவால்ல, நாளைக்கு சாயங்காலம் மட்டும் வர்றதுக்கு முன்னாடி போடாத, ஆறரைக்கு பஸ் ஸ்டாப்ல நில்லு, நான் வந்து கூட்டிட்டு போறேன்னாரு. எங்கிட்ட பேரு கூட முழுசா கேக்கல. நீங்களும் போன்ல இது நாலையும் கேட்டுக்கங்க: மீட்டிங் இப்ப கரெக்டா எங்க நடக்குது, பக்கத்துல அடையாளம் என்ன, ஓப்பனா க்ளோஸ்டா, யாராச்சும் வெளிய நின்னு கூட்டிட்டு போவாங்களா. ஓப்பன் மீட்டிங்னா குடும்பத்து ஆள், டாக்டர், ஸ்டூடண்ட் யார் வேணா உக்காரலாம், க்ளோஸ்டுன்னா குடிய நிறுத்தணும்னு நினைக்கிறவங்க மட்டும். சென்னை மாதிரி ஊர்ல இங்கிலீஷ்ல நடக்குற குரூப், தமிழ்ல நடக்குற குரூப்னு வேற வேற இருக்கும், அதையும் கேட்டுக்கங்க.

இந்த வெளிய நின்னு கூட்டிட்டு போறது சின்ன விஷயம் மாதிரி தெரியும். இல்ல. நானா போயிருந்தா கேட் வரைக்கும் போய்ட்டு யாரோ தெரிஞ்ச ஆள் மாதிரி இருக்குன்னு சாக்கு சொல்லி திரும்பிருப்பேன், அந்த ரோட்ல திரும்பற வழில கடை வேற இருக்கு.

உள்ள என்ன நடக்கும்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, சினிமால காட்டுற மாதிரி அழுவாங்களான்னு. எங்க குரூப் நடக்குறது ஒரு சர்ச்சுக்கு பின்னாடி இருக்கற ஞாயித்துக்கிழமை வகுப்பு ரூம்ல. பிளாஸ்டிக் சேரு, சின்ன பசங்க பெஞ்சு, சுவத்துல ஆடு மாடு படம், டியூப்லைட் ஒண்ணு எப்பவும் சிமிட்டும். ஆரம்பத்துல ஒரு நிமிஷம் மௌனம், இன்னும் குடியில தவிக்கிற ஆளுங்கள நினைச்சு. அப்புறம் ஏ.ஏ.ன்னா என்னன்னு ஒரு பேப்பர்ல இருக்கறத ஒருத்தர் வாசிப்பாரு, அதுல முக்கியமானது ஒண்ணே ஒண்ணுதான், உறுப்பினர் ஆகறதுக்கு குடிய நிறுத்தணுங்கற ஆசை இருந்தா போதும். கவனிங்க, நிறுத்தி இருக்கணும்னு இல்ல, ஆசை இருந்தா போதும். அப்புறம் சேர்மன் ஒருத்தர், வாராவாரம் ஆள் மாறும், அவர் ஒவ்வொருத்தரா கூப்பிடுவாரு, எழுந்து பேரு மட்டும் சொல்லி, நான் ஒரு குடிநோயாளின்னு சொல்லிட்டு அஞ்சு பத்து நிமிஷம் பேசுவாங்க. நடுவுல யாரும் குறுக்க பேச மாட்டாங்க, பேசி முடிச்சதும் நீ அப்படி பண்ணிருக்க கூடாதுப்பான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல இது எவ்ளோ அபூர்வம்னு யோசிச்சு பாருங்க. நாலு பேர் கூடுனா தீர்ப்பு சொல்லாம கலையுற கூட்டம் வேற எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா.

மொத நாள் பேசித்தான் ஆகணும்னு இல்ல. என் பேரு இது, இன்னிக்கு கேக்க வந்திருக்கேன்னு சொன்னா போதும், சரின்னு அடுத்த ஆளுக்கு போய்டுவாங்க. பாதில டீ வரும், பையோ டப்பாவோ ஒண்ணு சுத்தி வரும், அதுல இருக்கறவங்க இருக்கறத போடுவாங்க, புதுசா வந்தவங்க போட வேணாம்னு அவங்களே சொல்லிடுவாங்க. டீக்கும் வாடகைக்கும் அதுதான், வெளிய யாருகிட்டயும் நன்கொடை வாங்க மாட்டாங்க, கவர்ன்மெண்டு காசும் கிடையாது கட்சிக் காசும் கிடையாது. போட்டோ எடுக்க மாட்டாங்க. கடைசில எல்லாரும் எழுந்து கைகோத்து ஒரு பிரார்த்தனை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். வெளிய வந்தா எட்டரை. சாப்ட்டு படுத்தா அந்த நாள் முடிஞ்சுது.

அன்னிக்கு ஒருத்தர் பேசுனது எனக்கு இன்னும் வரிக்கு வரி ஞாபகம் இருக்கு, ஆனா அத இங்க எழுத மாட்டேன், அங்க கேட்டத அங்கயே விட்டுட்டு வரணுங்கறதுதான் அந்த ரூம் ஓடுறதுக்கே காரணம். என்னோடத வேணா சொல்லலாம். சைடு பாக்கெட்ல குவாட்டர் வச்சா வெளிய தெரியும்னு வெல்டிங் கிளவுஸ்க்குள்ள ஒளிச்சு வைப்பேன். இத ஒரு நாள் எழுந்து சொன்னேன், சொல்லி முடிக்கறதுக்குள்ள ரூமே சிரிக்குது. கேவலமா சிரிக்கல, ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கிளவுஸ் இருந்திருக்கு. என் பொண்டாட்டிகிட்ட சொல்லிருந்தா அழுதிருப்பா, டாக்டர்கிட்ட சொல்லிருந்தா எழுதிருப்பாங்க.

கண்டக்டர் அண்ணன்தான் இது எப்படி ஆரம்பிச்சதுன்னு சொன்னாரு, பஸ் ஸ்டாப்ல நின்னுகிட்டு. 1935, அமெரிக்கால ஓஹையோ மாகாணத்துல ஆக்ரான் (Akron)ங்கற ஊர். பில் வில்சன்னு ஷேர் மார்க்கெட் ஆள், குடிய நிறுத்தி சில மாசம்தான் ஆயிருக்கு, பிசினஸ் விஷயமா அங்க போய் அது ஊத்திக்கிச்சு. கைல காசு கம்மி, சனிக்கிழமை, தெரியாத ஊர், ஹோட்டல் லாபில நிக்கிறாரு, ஒரு பக்கம் பார், உள்ள சிரிப்பு சத்தம் கேக்குது, இன்னொரு பக்கம் போன். அந்த ஊர் சர்ச்சுங்களோட லிஸ்ட் அங்க இருந்துருக்கு, அத பாத்து ஒரு பாதிரியாருக்கு போன் போட்டு, நான் ஒரு குடிகாரன், இந்த ஊர்ல இன்னொரு குடிகாரன் கூட நான் பேசணும், யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாராம். போன் மேல போன் போட்டு மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்னு ஒரு சர்ஜனோட சந்திப்பு. டாக்டர் பதினஞ்சு நிமிஷம்தான் இருப்பேன்னு சொல்லி வந்தவரு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு உக்காந்து ராத்திரி பதினொண்ணு வரைக்கும் பேசிருக்காரு. அந்த டாக்டர் கடைசியா குடிச்ச நாள், 1935 ஜூன் 10, அதத்தான் ஏ.ஏ. பொறந்த நாளா வச்சிருக்காங்க. இந்தியாவுக்கு 1957ல வந்துச்சு. இதுல எனக்கு பிடிச்சது என்னன்னா, பில் அந்த போன போட்டது டாக்டர காப்பாத்தறதுக்கு இல்ல, தான் அந்த பாருக்குள்ள போகாம இருக்கறதுக்கு. அப்ப கண்டக்டர் அண்ணன் என்னைய பஸ் ஸ்டாப்ல வந்து கூட்டிட்டு போனதும் எனக்காக மட்டும் இல்லன்னு புரிஞ்சுது, அதுக்கப்புறம்தான் அவருக்கு ராத்திரில போன் பண்ண கூச்சம் போச்சு.

சாமி மேட்டர். குடிய விட ஏ.ஏ.ல சொல்ற பன்னெண்டு படிகள்ல கடவுள் பேச்சு வரும், நடக்குறது வேற சர்ச் ரூம்ல, அதனால மதம் மாத்துற கூட்டமோன்னு எங்க வீட்டுலயும் ஒரு சந்தேகம் வந்துச்சு. அப்படி எதுவும் இல்ல, நெத்தி நிறைய பட்ட போட்டு வர்றவரு இருக்காரு, தொழுதுட்டு நேரா வர்ற பாய் இருக்காரு, திருச்சின்னு ஆன பிறகு கருப்பு சட்டை இல்லாம இருக்குமா, அவரும் இருக்காரு. பிரார்த்தனை அப்ப அவர் எழுந்து நிப்பாரு, கைய கோப்பாரு, வாய மட்டும் திறக்க மாட்டாரு. எனக்கு மேலான சக்தி இந்த ரூமுதான்யா, என் ஒருத்தனால முடியாதத இது பண்ணுதே, அப்ப எனக்கு மேலதானன்னு சொல்வாரு. அத யாரும் மறுத்து பேசுனதில்ல. சயின்ஸ் வேணும்ங்கறவங்களுக்கு, 2020ல கோக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள அலசுற ஒரு குழு 27 ஆய்வுகள சேத்து பாத்தாங்க, பத்தாயிரத்துக்கு மேல ஆளுங்க. தொடர்ந்து குடிக்காம இருக்கற விஷயத்துல ஏ.ஏ.வும் அதுல ஆள சேத்துவிடுற சிகிச்சையும் மத்த கவுன்சிலிங் முறைகளுக்கு சளைச்சது இல்ல, சிலதுல அதவிட நல்லா வேலை செஞ்சுதுன்னுதான் வந்துச்சு. அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க. குரூப்ல யாராச்சும் மாத்திரையும் ஒரு போதைதான்னு சொன்னா காதுல வாங்காதீங்க, டாக்டர் சொல்றத டாக்டர்கிட்ட கேளுங்க, மீட்டிங்ல இருக்கறவங்க டாக்டர் இல்ல.

மொத மீட்டிங் பிடிக்கலன்னா? பிடிக்காமலும் போகும். ஒரு குரூப்புல ஒரே ஆள் முக்கா மணி நேரம் பேசிட்டு இருந்தாரு, இன்னொண்ணுல எல்லாரும் பெரிய ஆபீசருங்க, பாதி பேச்சு இங்கிலீஷ், நான் கைல வெல்டிங் பொறி தெறிச்ச தழும்ப பாத்துகிட்டே உக்காந்திருந்தேன். குரூப்புக்கு குரூப் வாடை மாறும். ஒண்ண பாத்துட்டு ஏ.ஏ. நமக்கு சரிப்படாதுன்னு முடிவு பண்ணாம அடுத்த கிழமைல அடுத்த ஏரியாவுக்கு போங்க. பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம், குடிக்கிற பெண்ணுன்னாலே ஊர் பேசுற பேச்சு வேற, பெரும்பாலான ரூம்ல ஆம்பளைங்கதான் இருப்பாங்க. போன்லயே பெண் உறுப்பினர் யாராச்சும் இருக்காங்களான்னு கேளுங்க, இல்லன்னா ஜூம்ல நடக்குற மீட்டிங் இருக்கு, கேமராவ ஆஃப் பண்ணிட்டு கேக்கலாம். கிராமத்துல இருக்கறவங்களுக்கும் அதான் வழி, ஆனா வாரத்துல ஒரு நாளாச்சும் பஸ் பிடிச்சு டவுனுக்கு நேர்ல போறது நல்லது. செல்லுல மீட்டிங் முடிஞ்சதும் நம்ம திரும்ப அதே ரூம்லதான் இருக்கோம். பஸ்ல வர்ற நேரம் கூட கணக்குல சேரும், டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுற வரைக்கும் பொழுது ஓடணும்ல.

தெரிஞ்ச ஆள் பாத்துட்டா என்ன பண்றதுன்னு கேக்காத ஆளே இல்ல. உள்ள தெரிஞ்ச ஆள் இருந்தா அவரும் அதுக்குத்தான் வந்திருக்காரு. எனக்கு நடந்துச்சு, எங்க யூனிட்டுக்கு பிளேட் சப்ளை பண்ற கான்ட்ராக்டர், வெளிய ஏய் வெல்டருன்னுதான் கூப்பிடுவாரு. உள்ள பக்கத்து சேர்ல. மறுநாள் யூனிட்ல வந்தப்ப ஒண்ணுமே நடக்காத மாதிரி லோடு இறக்கிட்டு போய்ட்டாரு. ஏய் மட்டும் நின்னுருச்சு.

வீட்டுல இருக்கறவங்களுக்கு தனியா சொல்றேன். ஆள நீங்க இழுத்துட்டு போக முடியாது. ஆனா நீங்க போகலாம், அல்-அனான்னு குடும்பத்துக்குன்னே வேற மீட்டிங் இருக்கு, 1951ல அந்த பில்லோட சம்சாரம் லோயிஸும் இன்னொரு அம்மாவும் சேந்து ஆரம்பிச்சது. உங்க வீட்டுக்காரரோ மகனோ குடிச்சுட்டே இருந்தாலும் நீங்க அதுக்கு போகலாம். என் பொண்டாட்டி நான் மீட்டிங் போறதுக்கு முன்னாடியே போக ஆரம்பிச்சிட்டா, தெரு டெய்லர் அக்கா ஒருத்தங்க கூட்டிட்டு போயிருக்காங்க, எனக்கு மாசக்கணக்கா தெரியாது, சீட்டு கட்ட போறேன்னு சொல்லிட்டு போயிருக்கா. எனக்கு தெரிஞ்ச மாற்றம் என்னன்னா நான் விழுந்து கெடந்தா தூக்கி உள்ள போடுறத நிறுத்துனா, எனக்கு உடம்பு சரியில்லன்னு மேஸ்திரிக்கு போன் பண்றத நிறுத்துனா. நீங்களே பேசிக்கங்கன்னு செல்ல என் கைல குடுத்தா. கடுப்பா இருந்துச்சு. ஆனா லீவு சொல்ல நானே வாய திறக்க வேண்டி வந்தப்பதான் எத்தன லீவுங்கறதே எனக்கு உறைச்சுது.

இன்னொண்ணு, சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்குற மருந்துன்னு நோட்டீஸ் ஒட்டிருப்பாங்க, பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் சுவத்துல இருந்து பேப்பர் வரைக்கும். அதுல பலதுல என்ன இருக்குன்னே தெரியாது, சிலதுல டைசல்ஃபிராம் இருக்கலாம். அது டாக்டர் டெஸ்ட் எடுத்து, ஆள்கிட்ட சொல்லி, சம்மதம் வாங்கி குடுக்குற மாத்திரை. அத போட்டுட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி, இதயம் வீக்கான ஆளா இருந்தா செத்தே போகலாம். தெரியாம குடுத்தா அவருக்கு குடிக்கக்கூடாதுன்னும் தெரியாது. நல்லது பண்றதா நினைச்சு கொலைகேஸ் ஆயிரும், வேணாம்.

இப்ப ஏற்பாடு என்னன்னா, மீட்டிங் இருக்கற நாள் மீட்டிங், இல்லாத நாள் போன். ஏ.ஏ.ல ஸ்பான்சர்னு ஒருத்தர வச்சுக்க சொல்வாங்க, நமக்கு முன்னாடி நிறுத்துன ஆள், எப்ப வேணா கூப்பிடலாம், எனக்கு கண்டக்டர் அண்ணன்தான். ஆரம்பத்துல ஒரு வருஷம் ஆறரைக்கு அவருக்கு போன் பண்ணி அஞ்சு நிமிஷம் ஏதாச்சும் பேசணும்னு கண்டிஷன், ஒண்ணும் இல்லாட்டி வீட்டுல என்ன கொழம்புன்னு சொல்லுன்னாரு, அதையே சொல்லிருக்கேன். பசி, கோவம், தனிமை, அசதி, இந்த நாலும் வந்தா கடை ஞாபகம் வரும், அதுல மொதல்ல பசிய பாருடான்னு சொல்வாரு. இது நெசமாவே வேலை செய்யுது, ஷிஃப்ட் முடிஞ்சு வெளிய வந்ததும் ரெண்டு வாழைப்பழம், இல்ல ஒரு பஜ்ஜி டீ, வயிறு நிறைஞ்சா பாதி வேகம் குறைஞ்சிடும். சம்பள நாள்ல காச நேரா பொண்டாட்டி அக்கவுண்ட்டுக்கு போட சொல்லிட்டேன், வீட்டுக்கு போற ரூட்ட மாத்திட்டேன், ரெண்டு கிலோமீட்டர் சுத்து, பெட்ரோல் கூடத்தான். அந்த காச பாத்தா முடியாது.

பண்டிகைதான் பெரிய கண்டம். தீபாவளி கூட பரவால்ல, வீட்டுல இருப்போம். எங்க லைன்ல ஆயுத பூஜைதான் ஆபத்து. மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, பூசணிக்கா உடைச்சு, போனஸ் கவர் குடுத்து, சாயங்காலம் ஓனர் செலவுல ஷெட்டுக்கு பின்னாடி பாட்டில் வந்துரும், வேணாம்னா ஓனர அவமானப்படுத்துன மாதிரி. மொத வருஷம் அண்ணன்கிட்ட கேட்டேன். பூஜைக்கு போ, கற்பூரத்த ஒத்திக்க, கவர வாங்கு, பூசணிக்கா உடைச்ச கையோட கிளம்பிரு, வீட்டுல சாமி கும்பிடணும்னு சொல்லு, அது பொய் இல்லன்னாரு. மாப்ள ஒரே ஒரு கட்டிங்டான்னு ஃபிட்டர் பையன் கேட் வரைக்கும் வந்தான். எனக்கு ஒத்துக்கறதில்லடா, டாக்டர் சொல்லிட்டாருன்னேன். நீளமா காரணம் சொன்னா அவன் ஒவ்வொண்ணுக்கா பதில் சொல்வான், அதனால ஒரே வரி, திரும்ப கேட்டா திரும்ப அதே வரி, வண்டி ஸ்டார்ட்லயே இருக்கணும். அன்னிக்கு மீட்டிங்குக்கு சீக்கிரமே போய்ட்டேன், பாத்தா பாதி பேரு எனக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கான், ஒவ்வொருத்தன் மடிலயும் அவனவன் பட்டறைல குடுத்த பொரி கடலை, சுண்டல் பொட்டலம். எல்லாத்தையும் பேப்பர விரிச்சு ஒண்ணா கொட்டி டீயோட தின்னோம். கருப்பு சட்டைக்காரர்தான் சுண்டல்ல உப்பு பத்தலன்னு குறை சொல்லிட்டே அதிகமா தின்னாரு.